பாட்டுக்கு உடையவர் யார்?

"இசை வணிகம்" என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நம்மவருள் பலர் முகம் சுளிக்கின்றனர். கலைமகளைக் கடைத்தெருவில் நிறுத்துவதா என்பது சிலர் கேள்வி. பாடத் தெரியாதவன் பாட்டைப் பற்றி என்ன படிக்கப் போகிறான் என்பது வேறு சிலர் கேலி. எம்.பி.ஏ. வகுப்பில் சேர்ந்து, ஆய்வேட்டுக்கு இத்துறையைத் தேர்ந்துகொண்ட நாள்முதல் இவ்விரண்டையும் நான் கேட்டு வருகிறேன். ஊரில் என் அத்தை, "கேசட்டுக் கடை வைக்கவா ரெண்டு வருஷம் படிக்கப் போறே?" என்றே கேட்டுவிட்டார். மன்ற மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் கேட்டபோது, இப்படிப்பு இன்னது என்று விளக்கினால் என்ன என்று தோன்றியது. நம் மன்றத்தில் பாட்டு எழுதுவோரும் மெட்டமைப்போரும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்களுள் சிலர் இப்போதே ஒப்பந்தத் தாள்களில் கையெழுத்திடவும் தொடங்கிவிட்டனர். அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

இசை வணிகம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து அறுபது ஆண்டுகளே ஆகின்றன. அமெரிக்க நாட்டு மயாமிப் பல்கலைக்கழகம் 1960களில் இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு ஒன்றை வகுத்தது. அதனை முன்னின்று அமைத்த ஆல்பிரட் ரீடு வணிகர் அல்லர்; இசைக்குழுக்களுக்கு இசை எழுதிய கலைஞர். பின்னர் நியூயார்க்கிலும் லண்டனிலும் முதுகலை வகுப்புகள் தோன்றின. பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரி, ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் ஒரு கிளையே அமைத்து இப்பாடத்தில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. அங்கெல்லாம் சென்று படிக்கக் கைப்பொருள் வேண்டும். பெங்களூரில் இருக்கும் நம் போன்றோர் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதைத் தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியவராய் இருக்கிறோம். இசையை நிகழ்த்துகலை முதுகலை வகுப்பாகப் படிக்க ஞானபாரதி வளாகத்தில் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் உண்டு. அதை அடுத்தே நாகர்பாவியில் தேசியச் சட்டப்பள்ளி இருக்கிறது. 1973இல் தொடங்கிய மேலாண்மைக் கழகம் பன்னர்கட்டாச் சாலையில் நடைபெறுகிறது. பாடுவோர் ஓரிடத்திலும், சட்டம் அறிவோர் ஓரிடத்திலும், கணக்கு அறிவோர் ஓரிடத்திலும் இருக்கின்றனர். மூவரும் கூடிப் பேசுவது அரிது. அவ்வாறு பேசாமையால் யாருக்கு இழப்பு என்பதைத்தான் இப்படிப்பு முதலில் கற்பிக்கிறது.

விளம்பரம், விற்பனை, கச்சேரி ஏற்பாடு முதலிய பாடங்கள் உண்டு. அவை பிற வணிகங்களிலும் ஏறக்குறைய அவையே. சோப்பு விற்பவனும் அவற்றைக் கற்கிறான். இத்துறைக்கே உரிய பாடம் உரிமைப் பாடம்.

ஒரு பாட்டு ஒரே பொருள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று பொருள். சொல் ஒன்று, மெட்டு ஒன்று, அவ்விரண்டையும் சேர்த்துப் பாடி எடுத்த ஒலிப்பதிவு ஒன்று. நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு தோப்பின் நிலம் ஒருவருடையதாகவும், மரம் வேறொருவர் பங்காகவும், அவ்வாண்டின் காய் குத்தகைதாரர் உடையதாகவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாட்டும் அத்தகைய தோப்பே. சொல்லையும் மெட்டையும் ஆக்கியோர்க்கு வாழ்நாள் முழுதும், அவர் மறைந்தபின் அறுபது ஆண்டும் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளிவந்த காலத்திலிருந்து அறுபது ஆண்டு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று ஐம்பது ஆண்டு. இவற்றை யார் யாருக்கு எப்போது எழுதிக் கொடுத்தார் என்பதே இசை வணிகத்தின் வரலாறு முழுவதும் எனலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மெட்டுக்குக் காப்பளித்தது உண்மையே. ஆயின், அச்சிட்டோ எழுதியோ குறித்து வைத்த மெட்டையே அது இசைப்படைப்பாக ஏற்றது. மேல்நாட்டில் தாளில் எழுதி இசைக்கிறார்கள்; அங்கே அது பொருந்தும். குருவின் வாய்மொழி கேட்டுச் சீடர் பாடும் நாட்டில் அதற்கு என்ன பொருள்? இந்த வரையறை 1994இல்தான் திருத்தப்பட்டது. எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெட்டு மெட்டே என்று ஒப்புக்கொள்ள நம் சட்டத்துக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின!

தமிழர்க்கு இவ்விஷயம் புதிதன்று. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை குடும்பத்தாரிடமிருந்து வணிகர் ஒருவர் கைக்குப் போயிற்று. அவரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். 1947இல் வெளிவந்த "நாம் இருவர்" படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. மறு ஆண்டே டி.கே.எஸ். சகோதரர்கள் தம் "பில்ஹணன்" படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்க்க, உரிமை யாருடையது என்ற வழக்கு எழுந்தது. நாட்டுக்கே பாடியவரின் பாட்டைப் பாட இன்னொருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தனர். 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த இசைத்தட்டு உரிமையை விலை வாங்காமலே ஒப்படைத்தார். இக்கதையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். பெருமைதான். ஆனால் இசை வணிகம் படிப்பவன் வேறொன்றையும் காண்கிறான். பாட்டு எழுதியவர் வறுமையில் வாடினார். பாட்டு விலை பெற்றபோது அதன் பொருள் வேறு கைகளில் இருந்தது. அரசு வந்து மீட்பது எல்லாக் கவிஞருக்கும் வாய்ப்பதன்று.

நாம் வாழும் பெங்களூருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இவ்வணிகத்தில் நீண்ட உறவு உண்டு. 1902இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளுக்குப் பாடியவருள் புகழ்மிக்க கௌஹர் ஜான், தம் இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனையில் பணி ஏற்று, 1930 ஜனவரியில் மைசூரிலே காலமானார். ஊர்ப் பெயரைத் தம் பெயரில் தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாள் இசைத்தட்டிலும் மேடையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பினார். கச்சேரியைப் பொதுமக்கள் ஆதரவால் நடத்துவது எங்ஙனம் என்று காண விரும்புவோர் சாமராசப்பேட்டைக்குப் போகலாம். கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் எஸ்.வி. நாராயணசாமி ராவ் 1939இல் தொடங்கிய இராமநவமி விழா, நுழைவுச்சீட்டு, நன்கொடை, விளம்பரம் என்னும் மூன்று தூண்களின்மேல் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. அரசர் கொடுத்த சால்வைக்கும் நுழைவுச்சீட்டுக்கும் இடையில் நம் இசை கடந்த தூரம் அந்தப் பந்தலில் தெரியும்.

ஒலிநாடாக் காலத்தில் பெங்களூர் லகரி நிறுவனம் எழுந்தது. "தளபதி" (1991), "ரோஜா" (1992) ஆகிய தமிழ்ப் படங்களின் பாடல்களை வெளியிட்டது சென்னை நிறுவனம் என்று எண்ணியிருப்போர் நம்முள் பலர். அவை பெங்களூர் லகரியின் வெளியீடுகள். தமிழ்ப் பாட்டின் உரிமைப் பத்திரம் இவ்வூர் அலுவலகப் பெட்டியில் இருந்தது என்பதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு இணையம் வந்தது. இவ்வூரிலிருந்தே வளர்ந்த பிளிப்கார்ட்டு நிறுவனம் 2012இல் "பிளைட்" என்ற கடையைத் திறந்து, பாட்டு ஒன்றுக்குச் சில ரூபாய் வீதம் விற்றுப் பார்த்தது. இலவசமாய்க் கிடைப்பதை எவன் வாங்குவான்? 2013 ஜூனில் கடையை மூடிவிட்டார்கள். எம் வகுப்பில் இத்தோல்வியை ஒரு வாரம் படித்தோம். வெற்றிகளைவிட அது நன்கு கற்பித்தது.

இன்று பாட்டை யாரும் வாங்குவதில்லை. கைப்பேசிச் செயலியில் கேட்கிறார்கள். பணம் எவ்வாறு பிரிகிறது? சந்தா, விளம்பரம் வழியாக ஒரு மாதம் வரும் பணம் ஒரே உண்டியலில் விழுவதாகக் கொள்ளுங்கள். செயலி நடத்துவோர் தம் பங்கை எடுத்தபின் எஞ்சியதை, அம்மாதத்தில் கேட்கப்பட்ட எல்லாப் பாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து விகிதப்படி தருவதே பெருவழக்கு. அல்சூரில் ஒருவர் மாதமெல்லாம் ஒரே ஒரு நாதசுர வித்துவானை மட்டும் கேட்டார் என்க. அவர் கட்டிய சந்தா அந்த வித்துவானுக்குப் போய்ச் சேராது. பொது உண்டியலில் கலந்து, அவர் ஒருமுறையும் கேட்டிராத பெரும்புகழ்ப் பாட்டுகளுக்கே பெரும்பகுதி போகும். இது முறையன்று என்று வாதிட்டு, கேட்பவர் பணம் கேட்கப்பட்டவருக்கே என்னும் கணக்கை 2021இல் சவுண்ட்கிளவுடு நிறுவனம் ஏற்றது. பிற பெரு நிறுவனங்கள் அவ்வழியை அப்படியே பின்பற்றவில்லை. என் கருத்தில், சிறு மொழிக்காரர்களும் சிறு கலைஞர்களும் உரத்துக் கேட்க வேண்டிய கணக்கு இது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் உலகக் குறியீடு உண்டு. அது இல்லாத பாட்டு, முகவரி எழுதாத கடிதம் போன்றது. கோடி முறை ஒலித்தாலும் பணம் வீடு வந்து சேர வழியில்லை.

இனிச் சட்டத்தின் முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். பாட்டு எழுதுவோர், மெட்டமைப்போர் சார்பில் ராயல்டி திரட்ட 1969இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் அமைந்தது. ஐ.பி.ஆர்.எஸ். என்பர். படத்தயாரிப்பாளர்கள் அதனை எதிர்த்தனர். 1977இல் உச்சநீதிமன்றம், பணம் கொடுத்து எழுதுவித்த தயாரிப்பாளரே பாட்டின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு ஒன்று எழுதி, பாடியவருக்குச் சட்டத்தில் இடமே இல்லாத குறையைச் சுட்டிக் காட்டினார். அக்குரல் நாடாளுமன்றத்தை எட்டி, நிகழ்த்துநர் உரிமை பிறக்க 1994 ஆயிற்று. எழுதியோருக்கும் மெட்டமைத்தோருக்கும் விடிவு 2012இல் வந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது நீங்கலாக, வேறு எவ்வழியில் பாட்டு பயன்பட்டாலும் ராயல்டியில் உரிமை பெற்றவரோடு சமபங்கு ஆக்கியோருக்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. படம் சாராத தனிப்பாட்டுக்கும் இதுவே விதி.

பசி உள்ளவன் எதையும் எழுதிக் கொடுப்பான் என்பதை அறிந்து, அவனால் எழுதிக் கொடுக்கவே முடியாத ஒன்றைச் சட்டம் படைத்திருக்கிறது. ஒப்பந்த உரிமை என்று காலமெல்லாம் பேசி வந்த வணிகச் சட்டத்தில் இஃது அரிய செயல்.

இதைத் தேர்வுக்காகவே படித்திருந்தேன். சென்ற ஆண்டு அது உயிரோடு எதிரே வந்தது. நம் மன்றத்து நண்பர் ஒருவர், தருமபுரிப் பக்கத்தவர், நல்ல கவிஞர். குறும்படம் ஒன்றுக்கு அவர் எழுதிய பாட்டை ஒரு நிறுவனம் வெளியிட முன்வந்தது. ஆறு பக்க ஆங்கிலத் தாள் வந்தது. "நாளைக்குள் கையெழுத்து வேண்டும்" என்ற குறிப்பும் உடன் வந்தது. விடுதி உணவுக்கூடத்தில் மேசை துடைத்த பிறகு நாங்கள் நால்வர் அமர்ந்து வரி வரியாகப் படித்தோம்.

உலகம் முழுவதும் உரிமை என்று ஓரிடத்தில் இருந்தது. எல்லாக் காலத்துக்கும் என்று இன்னோரிடத்தில். இனி உலகில் கண்டுபிடிக்கப்படும் எல்லாக் கருவிகளிலும் என்று மூன்றாவது. ராயல்டி எதையும் கேட்பதில்லை என்று ஒப்புகிறேன் என்பது நான்காவது. இந்நான்கையும் சட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள். காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். ஆகவே அவ்விரு சொற்களும் தற்செயலாக விழுந்தவை அல்ல. கையெழுத்திடும் நாளில் உலகில் இல்லாத கருவியைப் பெயர் சொல்லிக் குறிக்காமல் மொத்தமாய் எழுதி வாங்குவது செல்லாது. நான்காவது, முன்னே சொன்ன திருத்தத்தால் அடிப்படையிலேயே செல்லாது. செல்லாது என்று தெரிந்தும் ஏன் எழுதினர்? படிக்காதவன் அதை நம்பிக் கேட்காமல் இருந்துவிடுவான் என்பதற்காகத்தான்; வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

நண்பர் பணிவாகக் கடிதம் எழுதினார். காலத்தைப் பத்தாண்டாக்கவும், ராயல்டி வரியை நீக்கவும், தம் பெயர் பாட்டோடு வரவும் கேட்டார். தாள் எல்லாருக்கும் ஒன்றுதான், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அன்றிரவு அவர் நெடுநேரம் பேசவில்லை. முதல் பாட்டு, ஊரில் அப்பாவிடம் சொல்லியும் விட்டார். "அண்ணா, கையெழுத்துப் போட்டுடவா?" என்று என்னைக் கேட்டார். சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நான் சொன்னேன். போடு என்றோ போடாதே என்றோ சொல்லும் உரிமை எனக்கில்லை. அவர் போடவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் குறும்படம் வேறொருவர் வரிகளோடு வெளிவந்தது. அவருடைய பாட்டு அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. சட்டம் தெரிந்தவனுக்கு எல்லாம் கைகூடும் என்று நான் எழுத வரவில்லை. ஒரு நல்ல சட்டம் இருந்தும் அதைக் கேட்டு வாங்கும் வலிமை புதியவனுக்கு இல்லை. அந்த இடைவெளியைச் சங்கங்கள்தாம் அடைக்க முடியும். ஐ.பி.ஆர்.எஸ். 2017இல் மீண்டும் முறையாகப் பதிவு பெற்றது. பாட்டு எழுதியவர் தாமே அதில் உறுப்பினராகலாம். நண்பர் இப்போது அதற்கான விண்ணப்பத்தோடு இருக்கிறார்.

என் ஆய்வேடு பெங்களூர் மெல்லிசைக் குழுக்களைப் பற்றியது. விநாயகர் சதுர்த்தியில் தொடங்கி அண்ணம்மா உற்சவம், நவம்பர் ராஜ்யோத்சவம் என்று தெருத்தெருவாக மேடை ஏறும் குழுக்கள் அவை. சிவாஜி நகரில் தமிழ்ப்பாட்டும் அடுத்த தெருவில் கன்னடப் பாட்டும் ஒரே குழுவே பாடும். ஷாமியானாக்காரருக்கு இன்ன தொகை, மைக் செட்டுக்கு இன்ன தொகை, கீபோர்டு வாடகை இன்ன தொகை, பாடுபவருக்கு இரவுக்கூலி என்று எல்லாம் அவர்கள் குறிப்பேட்டில் இருக்கும். பாட்டை எழுதியவருக்கு என்று ஒரு வரி நான் பார்த்த குறிப்பேடுகளில் இல்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. உரிமம் பெறும் கடமை விழா நடத்துவோரைச் சேர்ந்தது.

அவ்விழா நடத்துவோருள் நாமும் ஒருவர் என்பதால் ஒரு செய்தி. கல்வி நிலையத்தின் நிகழ்ச்சியில் மாணவரும் ஆசிரியரும் தாமே மேடையேறிப் பாடினால் யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஒலிப்பதிவை ஒலிபரப்பினால், கேட்போர் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். திருமண ஊர்வலத்துக்கும் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து தொழில்முறைக் குழுவைக் கூலிக்கு அமர்த்தி, சீட்டு விற்று, ஊராரை அழைத்துப் பாடுவித்தால் உரிமம் வேண்டும். தொகை கட்டுவதோடு வேலை முடிவதில்லை. அன்று பாடிய பாட்டுகளின் பட்டியலையும் தந்தால்தான் அப்பணம் உரியவர் கணக்கில் விழும். பட்டியல் இல்லாத பணம் யாருடையது என்று தெரியாமல் பொதுவில் கிடக்கும்.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு வெளிக்குழுவை அழைக்க மன்றச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பட்டியல் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். பாட்டின் முதலடியோடு நில்லாமல், எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், படத்தின் பெயர் ஆகியவற்றையும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தருமாறு குழுத்தலைவரைக் கேட்டிருக்கிறேன். பாடல்களுள் பாதிக்கு எழுதியவர் பெயர் தமக்கே தெரியாது என்றார் அவர். பழம்பாடல்களின் ஆசிரியரை அறிந்த நண்பர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் மன்ற அறைக்கு வந்தால் உதவியாக இருக்கும்.